மூக்கண்ணன் சொன்னால் இறங்கலாம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று என் மனைவி சொல்வாள். இருக்கட்டும். கோபக்காரன் சொல்கிற கதை இது என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு கேளுங்கள். ஆனால் நான் சொல்லவந்தது என் மூக்கைப் பற்றி அல்ல, இன்னொருவர் மூக்கைப் பற்றி. அந்த மூக்கை நம்பி நான் பல வருடங்கள் குழிக்குள் இறங்கி ஏறியிருக்கிறேன்.

எங்களுடையது உருளைக்கிழங்குத் தொழிற்சாலை. வறுவல் போடுவார்கள், நறுக்கி உறைய வைத்தும் அனுப்புவார்கள். பாக்கெட்டைப் பிரித்துத் தின்கிறவர்களுக்கு இதில் தண்ணீர் எங்கே வந்தது என்று தோன்றும். மண் கழுவத் தண்ணீர், காஸ்டிக் போட்டுத் தோலை உரிக்கத் தண்ணீர், சீவிய துண்டுகளை அலசத் தண்ணீர். எல்லாம் கடைசியில் எங்களிடம்தான் வரும். பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அரை நாள் விட்டால் புளிக்கும், ஒரு நாள் விட்டால் நாறும். அப்படியே வாய்க்காலில் திறந்துவிட்டால் மீன் செத்து மிதக்கும், கீழே துணி துவைக்கிறவர்கள் வாசலில் வந்து நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள்.

அதற்காகத்தான் பின்மதிலை ஒட்டி எங்கள் இடம். முதலில் சல்லடை, தோலும் துண்டும் அதில் நின்றுவிடும். அடுத்தது மாவுக் குழி. ஆழமான சிமெண்ட் குழி, மேலே இரும்பு மூடி, உள்ளே இறங்க ஏணி. கிழங்கின் மாவு அதில் அடியில் தங்கும். மேல் தண்ணீரைப் பம்ப்பு இழுத்து மூடிய தொட்டிக்கு அனுப்பும். அங்கே காற்றுப் படாமல் நொதிக்கும். பிறகு திறந்த தொட்டி. அதில் இரவும் பகலும் காற்றை ஊதுவோம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் அதில் இருந்து, மிச்ச அழுக்கைத் தின்னும். கடைசியில் தெளிந்த தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும். நான் பிட்டர், இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். மாவுக் குழியின் பம்ப்பில் தோல் சிக்கிக்கொண்டால் ஏணியில் இறங்கி எடுப்பது என் வேலை.

இறங்கலாமா வேண்டாமா என்று சொல்வது மூக்கண்ணன் வேலை. தொட்டிகளை ஓட்டுகிறவர் அவர்தான். மூக்கண்ணன் என்று அவரை முதலில் அழைத்தது யார் என்று தெரியவில்லை. மூக்கு ஒன்றும் பெரிதல்ல, சின்ன உருண்டை மூக்குதான். ஆனால் அது செய்த வேலை பெரிது.

அவர் முதலில் லாரியிலிருந்து கிழங்கு மூட்டை இறக்கியவர். பின்மதில் பக்கம் தொட்டி கட்டியபோது, நாத்த வேலை என்று ஒருவரும் வர மாட்டேன் என்றார்கள். இவர் வந்தார். வேறொரு ஊரிலிருந்து டேங்கர் லாரியில் பழுப்புக் கசடைக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றிக் கிருமிகளை வளர்க்கத் தொடங்கியபோது, புதிதாகப் பிள்ளை பெற்றவள் மாதிரி அதைவிட்டு நகராமல் கிடந்தாராம். கிருமிகளை அவர் "பசங்க" என்றுதான் சொல்வார். "பசங்க இன்னைக்குச் சரியா சாப்பிடல", "பசங்களுக்கு மூச்சு முட்டுது, காத்தைக் கூட்டு" என்பார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பேருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மெல்ல எழுந்து நின்றுகொள்வார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். "உக்கார எடம் கெடைச்சுதே" என்று காலை நீட்டிக்கொள்வார்.

மோந்து பார்த்தே சொல்வார். திறந்த தொட்டியின் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "தோல் உரிக்கிற எடத்துல காஸ்டிக்கைக் கொட்டிட்டாங்க, போய்ச் சொல்லிட்டு வா" என்பார். போய்ப் பார்த்தால் உண்மையாகவே அங்கே யாரோ அளவு தெரியாமல் ஊற்றிவிட்டுத் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பார்கள். தொட்டியை மட்டும் அல்ல. நான் முந்தின நாள் குடித்திருந்தால் கதவைத் திறந்து உள்ளே வரும்போதே, "நீ இன்னைக்கு ஏணிப் பக்கம் போகாத" என்று விரட்டிவிடுவார். அந்தக் கோபத்தில் நான் அவரிடம் சண்டை போட்டதும் உண்டு.

மீட்டர் ஒன்று இருந்தது. குழிக்குள் விட்டால் விஷவாயு இருக்கிறதா என்று சொல்லும். பழசு. எதற்கெடுத்தாலும் கத்தும், மழை பெய்தால்கூடக் கத்தும். அதனால் ஆணியில் மாட்டியே வைத்திருந்தோம். மூக்கண்ணன் குழி வாயில் குனிவார், மோந்து பார்ப்பார், "இறங்கு" என்பார். நான் இறங்குவேன். அந்த ஒரு சொல் போதும் எனக்கு. என் மனைவி பயந்தபோதெல்லாம், "மூக்கண்ணன் சொன்னா இறங்கலாம்" என்று அவள் வாயை அடைத்திருக்கிறேன்.

ஒரு வருடம் மழை முடிகிற சமயத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. வாரக்கணக்கில் படுத்துவிட்டு எழுந்து வந்தார். ஆள் பாதியாக இருந்தார். மற்றபடி பழைய மூக்கண்ணன்தான் என்று நினைத்தோம்.

இல்லை. அவருக்கு வாசனை போய்விட்டிருந்தது. நாற்றமும் தெரியாது, நறுமணமும் தெரியாது. எனக்கு இது வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. உங்களிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அதை முதலில் கண்டுபிடித்தது அண்ணி. அவருடைய மனைவி, எங்கள் தொழிற்சாலையிலேயே கிழங்கின் கண் தோண்டும் மேசையில் வேலை. ஒருநாள் அண்ணி கடையிலிருந்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் வீடு முழுக்க அடுப்பு கேஸ். பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. இவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து வானொலியைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணி ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு அவர் முகத்துக்கு நேரே வெங்காயத்தை நசுக்கிப் பிடித்தார்களாம். அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம் அழுதாராம்.

டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். மூக்கண்ணன் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். வெளியே தெரிந்தால் தொட்டியைவிட்டு எடுத்துவிடுவார்கள். வேறு வேலை கொடுப்பார்கள்தான், யாரும் அவரைத் தெருவில் விடப்போவதில்லை. ஆனால் தொட்டி போய்விடும். தொட்டி போனால் தான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி தூக்குப் பாத்திரத்துடன் எங்கள் பக்கம் வரத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் திறந்த தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், மாவுக் குழிப் பக்கம் போவார்கள், பிறகு சல்லடைக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்த நாற்றத்தில் யார் வந்து சாப்பிடுவார்கள்? நாங்கள் விடுவோமா?

"என்ன அண்ணி, பொண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தேனிலவா?"

"உனக்கு ஏன்டா வயிறு எரியுது? உன் பொண்டாட்டியையும் வரச் சொல்லேன்" என்பார்கள் அண்ணி. முகத்தில் ஒன்றும் தெரியாது.

உண்மையில் அண்ணி அவருக்காக மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காதோரம் கேட்பார்: "புளிப்பா, அழுகலா?" அண்ணி தனக்குத் தெரிந்த வீட்டு மொழியில் சொல்வார்கள்: "கெட்டுப்போன பால்", "காயாம மடிச்சு வச்ச துணி", "துருப்பிடிச்ச ஆணி". அவர் அதைத் தொட்டி மொழிக்கு மாற்றிக்கொண்டு வால்வைத் திருப்புவார், காற்றைக் கூட்டுவார், குறைப்பார். தண்ணீர் தெளிவாகத்தான் போனது. எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் என் மனைவியிடம் அந்தத் தம்பதியைப் பற்றிப் புகழ்ந்து பேசி வாங்கிக் கட்டிக்கொண்டேன். பார்க்கப்போனால் அதுவும் அன்புதான். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

குழி வேலை என்றால் மட்டும், "சாப்பாட்டுக்கு அப்புறம் இறங்கு" என்பது அவருடைய புதுச் சட்டமாகிவிட்டது. "வெறும் வயித்துல ஏன்டா எறங்குற?" என்பார். என் மேல் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

புதிதாக ஓர் எஞ்சினியர் வந்தார்கள். சின்ன வயசு, கண்டிப்பான அம்மா. ஆணியில் தொங்கிய மீட்டரைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. அதைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டு, "இது திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தரும் குழிக்குள்ள இறங்கக் கூடாது" என்று எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

அந்த வாரம் இயந்திரம் மாற்றுவதற்காக உற்பத்தியை நிறுத்தியிருந்தார்கள். மாவுக் குழி மூடியபடி அப்படியே கிடந்தது. மறுபடி ஓட்டத் தொடங்கிய நாள் காலையில் பம்ப்பு உறுமிவிட்டு நின்றுபோனது. அடியில் தங்கியிருந்த மாவு கெட்டியாகி, தோலும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. உள்ளே வருகிற தண்ணீரைச் சல்லடைக்கு முன்னால் இருக்கிற மேல் தொட்டியில் நிறுத்தினோம். அது நிரம்பிக்கொண்டே வந்தது. வழிந்தால் நேரே வாய்க்கால். உற்பத்திப் பக்கமோ, இதோ நிறுத்துகிறோம், அதோ நிறுத்துகிறோம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினியர் அம்மா தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தார்கள், போனை எடுக்கவில்லை.

நான் மூடியைத் திறந்து போட்டேன். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று ஸ்பானரையெல்லாம் எடுத்து வைத்தேன். பிறகு நாற்றம் இல்லை. காற்றோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கண் மட்டும் லேசாக எரிந்தது.

"அண்ணே, வாங்க. மோந்து பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"மீட்டர் வரட்டும்டா."

"மீட்டர் வர்றதுக்குள்ள வாய்க்கா வெள்ளையாயிடும். உங்க மூக்கு இருக்கும்போது மீட்டர் எதுக்கு?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கலாம்."

"பசிக்குதுன்னா நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் எறங்குறேன்."

எனக்கு மூக்கு நுனியில் நிற்கிறது என்று சொன்னேனே, அது கிளம்பிவிட்டது. அவர் தள்ளிப் போய் யாருக்கோ போன் பேசினார். சற்று நேரத்தில் அண்ணி தலையில் வலைத்தொப்பியும் காலில் ரப்பர் பூட்ஸுமாக ஓடிவந்தார்கள். "மாத்திரையை மறந்துட்டாரு" என்று என்னிடம் ஒரு காரணம் சொன்னார்கள். கையில் மாத்திரை இல்லை. நான் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. ஒரு கால் ஏணியில் வைத்துவிட்டேன்.

அண்ணி குழி வாயைச் சுற்றி வந்தார்கள். நின்றார்கள். குனிந்தார்கள். அவர் பக்கம் திரும்பிச் சின்னக் குரலில் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஒண்ணுமே இல்லைங்க. சுத்தமா இருக்கு."

மூக்கண்ணன் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. அந்த வாயில் "இ" என்ற எழுத்து உருவானதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். நான் இரண்டாவது படியில் கால் வைத்தேன்.

அப்போது அவர் ஏனோ அண்ணியிடம் திரும்பினார். "வர்ற வழியில?"

"கொட்டகைகிட்ட வரும்போது கொடலைப் பெரட்டிச்சு. முட்டை அழுகின மாதிரி. இங்க வந்ததும் நின்னுபோச்சு."

அடுத்த நொடி என் சட்டைக் காலர் கழுத்தை இறுக்கியது. அவர் என்னைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் சேர்ந்து சிமெண்ட் தரையில் விழுந்தோம். "ஓடு! ஓடுடா! ரெண்டு பேரும் ஓடுங்க!" என்று கத்தினார். எங்களைத் தள்ளிக்கொண்டே சல்லடைக் கொட்டகையைத் தாண்டி மதில் கதவு வரை கொண்டுவந்தார். அங்கே நின்றபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. குமட்டியது. பழைய நாற்றம் மெல்லத் திரும்பி வந்தது.

அந்த வாயு அப்படிப்பட்டது. கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். நாற்றம் நின்றுவிட்டது என்றால் சுத்தம் என்று அர்த்தம் இல்லை, முடிந்தது என்று அர்த்தம். பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம். நான் பின்வரிசையில் தூங்கியிருப்பேன்.

தீயணைப்பு ஆட்கள் வந்து நீளக் கயிற்றில் அவர்களுடைய மீட்டரைக் குழிக்குள் இறக்கினார்கள். அது கத்திய கத்தலில் மதிலுக்கு வெளியே போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஏணியில் பாதி வரை போயிருந்தால் இரண்டு மூச்சுதான் என்றார் ஒருவர். மேல் தொட்டி வழிந்து கொஞ்சம் வாய்க்காலில் கலந்துவிட்டது. அதற்குள் ஒருவழியாக உற்பத்தியை நிறுத்தினார்கள்.

எல்லாரும் மூக்கண்ணன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. "அண்ணே, அண்ணிகிட்ட ஏன் கேட்டீங்க? உங்க மூக்கு என்ன ஆச்சு?"

சளி என்று சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு மூக்கு இல்லடா. அந்தக் காய்ச்சல்லேருந்தே இல்ல."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் நன்றி எல்லாம் போன இடம் தெரியவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு நான் எத்தனை முறை இறங்கியிருக்கிறேன்? எண்ணிப் பார்க்கக்கூட முடியவில்லை.

"மூக்கில்லாத ஆளை நம்பியா நான் அத்தனை தடவை எறங்கினேன்? எனக்குப் புள்ளைங்க இருக்குடா!" என்று கத்தினேன். வயதில் மூத்தவரை 'டா' போட்டேன்.

"தெரியும். நீ ஏறி வர்ற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் அங்கேயேதான் நின்னேன்."

"நின்னு? பொணத்தை எண்ணவா?"

எஞ்சினியர் அம்மா வந்ததும் மூக்கண்ணன் தானே போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் கத்தவில்லை. வெகுநேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். தொட்டி வேலையிலிருந்து அவரை எடுத்து, கிழங்குக் கிடங்குக்கு மாற்றினார்கள். மீட்டரைப் பார்த்து, எஞ்சினியரே கையெழுத்துப் போட்டால்தான் இனி இறங்கலாம். நானும் மீட்டர் இல்லாமல் மூடியைத் திறந்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது நியாயம்தான்.

நான் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். எதிரே வந்தால் மறுபக்கம் போவேன். ஒருநாள் மாலை அண்ணி என் வீட்டுக்கு வந்தார்கள். அவருக்காகப் பரிந்து பேசத்தான் வந்திருக்கிறார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அண்ணி உட்காரக்கூட இல்லை.

"சுத்தமா இருக்குன்னு என் வாயால சொன்னேனே தம்பி. நாத்தம் நின்னா ஆபத்துன்னு அவரு என்கிட்ட சொல்லவே இல்ல. ஒரு வார்த்தை சொல்லல. நான் சொன்னதைக் கேட்டு நீ எறங்கியிருந்தா..."

என் மனைவிதான் அவர்களைப் பிடித்து உட்கார வைத்தாள். அண்ணியும் அவரிடம் பேசுவதில்லையாம். சமைப்பது உண்டு, தட்டு வைப்பது உண்டு, பேச்சு இல்லை. என் உயிர் அத்தனை மாதமும் ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் மூச்சில் இருந்திருக்கிறது. அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றியவர் மேல் எனக்கு இன்னொரு மடங்கு கோபம் வந்தது.

மறுநாளே கிடங்குக்குப் போனேன். மூக்கண்ணன் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, அழுகிய கிழங்கைக் கையால் அமுக்கிப் பார்த்துத் தனியே போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட சொல்லல, சரி. அண்ணிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

அவர் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார். "சொன்னா அவ பயந்துடுவா. வர மாட்டா. அவ வரலன்னா எனக்குத் தொட்டி இல்ல. அதுக்காகத்தான் சொல்லல. வேற காரணம் ஒண்ணும் இல்லடா."

அழுது மன்னிப்புக் கேட்டிருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன். இப்படிப் பட்டென்று உடைத்துச் சொன்ன ஆளை என்ன செய்வது? அப்படியே வந்துவிட்டேன்.

மழைக்காலம் வந்ததும் பம்ப்பு மறுபடி அடைத்தது. இந்த முறை எல்லாம் முறைப்படி. மூடியைத் திறந்து காற்றை ஊதினார்கள், மீட்டரை இறக்கினார்கள், எஞ்சினியர் அம்மா இரண்டு முறை பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். என் இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஒருவர் நிற்க வேண்டும், நான் ஏறி வரும்வரை அவர் வேறு எதற்கும் நகரக் கூடாது. யாரை நிறுத்துவது என்பதை இறங்குகிறவனே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் போட்ட விதி.

"யாரைக் கூப்பிடட்டும்?" என்று கேட்டார்கள்.

வரிசையாக நின்றவர்களைப் பார்த்தேன். எல்லாரும் நல்லவர்கள். ஒருவனுக்குப் போன் அடித்தால் எடுக்காமல் இருக்க முடியாது, இன்னொருவனுக்குப் பேச்சுத் துணை வேண்டும்.

"கெடங்குல இருக்காரே, அவரைக் கூப்பிடுங்க" என்றேன்.

எஞ்சினியர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"கயிறு புடிக்க மூக்கு எதுக்கு மேடம்?"

அவரை மன்னித்துவிட்டேனா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. அவர் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெல்ட்டின் கொக்கியை இழுத்துப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு காலை அகட்டி நின்றார்.

இறங்கினேன். அடியில் மாவு முழங்கால் வரை இருந்தது. பம்ப்பின் வாயில் தோல் கயிறாக முறுக்கிக்கொண்டு கிடந்தது. பிய்க்கப் பிய்க்க வந்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரம் குனிந்தே இருந்தேன். நடுவில் இடுப்புக் கயிறு லேசாக ஒருமுறை இழுபட்டது. இருக்கிறாயா என்று கேட்கிறார்.

நானும் ஒருமுறை இழுத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.